அய்யனார் அண்ணாச்சி

தென்காசிப் பக்கம் கையில் நாலு காசு சேர்ந்து, கடைச்சாவியை மகனிடம் ஒப்படைத்துவிட்ட மனிதருக்கு ஐம்பதை ஒட்டி ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்காமல் போகாது. சிலர் கும்பாபிஷேகக் கமிட்டியில் சேர்ந்து ரசீதுப் புத்தகத்தோடு அலைவார்கள். சிலர் வார்டு தேர்தலில் நின்று டெபாசிட் இழப்பார்கள். சிலர் இலஞ்சியில் தோப்பு வாங்கி, தேங்காய் விலை பேசியே சொந்தபந்தங்களை விரட்டிவிடுவார்கள். இது எதிலும் மாட்டாமல் தப்பிய ஒருவர் இருப்பார். அவர் குதிரை வாங்கிவிடுவார்.

சாயங்காலம் மேலகரம் வழியாகக் குற்றாலம் போகிறவர்கள் இவரைப் பார்க்காமல் இருக்க முடியாது. தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். காலில் ஆன்லைனில் வரவழைத்த முழங்கால் உயர பூட்ஸ். இரண்டுக்கும் நடுவே, மதகுச் சுவரில் ஏறி நின்றால்தான் சேணத்துக்கு மாறச் சம்மதிக்கும் ஒரு தொப்பை. பின்னால் ஒரு ராஜபாளையம், ஒரு சிப்பிப்பாறை, எந்த இனத்திலும் சேராத செவலை ஒன்று. ஊர் இவருக்கு அய்யனார் அண்ணாச்சி என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் முழுக்கப் பொருந்தாது. அய்யனாரின் குதிரை மண்ணால் செய்தது; வைத்த இடத்தில் நிற்கும். அண்ணாச்சியின் குதிரைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

குதிரை வந்த கதையை அவர் வாயால் கேட்கவேண்டும். கேட்காவிட்டாலும் சொல்வார். ஊரெல்லாம் குற்றாலத்துக்கு வந்துகொண்டிருந்த ஆடி மாதத்தில் இவர் அந்தியூருக்குப் பஸ் ஏறினார். குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தை ஈரோட்டுப் பக்கம் பேர்போனது. காதின் நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் கத்தியவார், மார்வார் குதிரைகளை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தார். சுற்றிலும் பல்லைப் பிடித்து வயசு பார்க்கிறவர்கள், சுழி பார்க்கிறவர்கள். இந்த இடத்தில் சுழி இருந்தால் வாங்கினவனுக்கு ராஜயோகம், அந்த இடத்தில் இருந்தால் அவன் குடும்பமே நாசம். அண்ணாச்சி பல்லையும் பார்க்கவில்லை, சுழியையும் பார்க்கவில்லை. "அது என்னைப் பாத்துச்சு வே, நான் அதைப் பாத்தேன். முடிஞ்சுது" என்பார். இரண்டு பேரையும் தரகர் பார்த்தார், அப்போதே விலை ஏறியது என்று உள்ளேயிருந்து மதினி எடுத்துக்கொடுப்பார்.

வந்தது நாலு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி. கூடவே விற்றவர் இனாமாக ஒரு முள் கடிவாளமும் கொடுத்தனுப்பியிருந்தார். முள் வைத்த கடிவாளத்தை வண்டி, பொதி விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள் தடை செய்திருக்கின்றன, புழக்கம்தான் ஒழியவில்லை. அண்ணாச்சி அதை வரவேற்பறைச் சுவரில், கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். காப்பி குடிக்கப் போனவன் எழுந்துபோய் முள்ளைத் தொட்டுப் பார்த்து "அடப்பாவிகளா" என்று சொன்னால்தான் தட்டில் இரண்டாவது முறுக்கு விழும்.

அவருடைய கொள்கையின் பெயர் நியாயமான பயிற்சி. அடி கிடையாது, சாட்டை கிடையாது. குதிகாலால் விலாவை லேசாகத் தொடவேண்டும்; குதிரை ஒரு எட்டு வைத்த அந்த நொடியே காலை எடுத்துவிடவேண்டும். கால் விலகுவதுதான் அதற்குக் கூலி. ஒரு நொடி தாமதித்து எடுத்தால், எதற்காகக் கூலி கொடுத்தோம் என்று குதிரைக்குப் புரியாது. கோபத்தோடு குதிரையிடம் போகாதே என்று கிரேக்கத்து செனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறான். அண்ணாச்சி அவனை ஏதோ வாசுதேவநல்லூர்க்காரன் மாதிரி உரிமையோடு பேசுவார்.

இதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சிக்கல் எங்கே என்றால், இந்த நியாயத்தின்படி தப்பு எப்போதும் மேலே இருக்கிறவர் பேரில்தான் விழும். குதிரை ஒரு காலமும் தோற்காது. "குதிரைக்கும் இஷ்டம்னு ஒண்ணு இருக்குல்லா" என்பது அண்ணாச்சியின் வேதவாக்கு.

போன சீசனில் ஒரு நாள் ரோட்டில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒரு தட்டு அகலம்தான் இருக்கும். பஞ்சகல்யாணி அதன் முன்னால் வந்து நின்றுவிட்டது. குதிரைக்குக் கண் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் பின்பக்கம்வரை ஏறக்குறைய எல்லாம் தெரியும். மூக்குக்கு நேர்முன்னேயும் வாலுக்கு நேர்பின்னேயும் இருப்பது மட்டும் தெரியாது. தட்டளவு தண்ணீர் அதற்குப் பொங்குமாங்கடலாகக்கூட இருக்கலாம். அண்ணாச்சி காலால் தொட்டார், எடுத்தார். தொட்டார், எடுத்தார். பின்னால் டவுன் பஸ், அதற்குப் பின்னால் கேரளா கார்கள், அதற்கும் பின்னால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குக் கிளம்பிய ஒரு வேன் கூட்டம். டிரைவர் இறங்கி வந்து பணிவாகச் சொன்னார்: "அண்ணாச்சி, நாங்க போலாமா வேண்டாமான்னு அதுகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிருங்க." அண்ணாச்சி அசையவில்லை. கடைசியில் செவலை நாய் போய் அந்தத் தண்ணீரை நக்கிக் குடித்தது. குதிரை அதைப் பார்த்தது. பிறகு தாண்டியது. எல்லாம் நியாயமான பயிற்சியின் வெற்றி என்று அன்று ராத்திரி எனக்கு போன் வந்தது.

குற்றாலத்தில் குதிரை ஏறுவதற்கு இருப்பதிலேயே மோசமான காலம் சீசன். காசு செலவழித்து ஜனங்கள் தேடி வருகிற அந்தச் சாரலும் காற்றும்தான் குதிரைக்கு ஆகாதவை. காற்றடித்தால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அதன் காதுக்குப் பிடிபடாது. ஆடுகிற இலையெல்லாம் புலியாகிவிடும். போதாததற்குக் குரங்கு, பாலிதீன் பை, துண்டை உதறுகிற குடும்பங்கள். எல்லாவற்றுக்கும் மேலே குடை. பட்டன் அமுக்கியதும் படீரென்று விரிகிற குடையைக் கண்டுபிடித்தவனை அண்ணாச்சி மன்னிக்கவே இல்லை. அப்படி ஒரு குடை பழைய குற்றாலம் ரோட்டில் விரிந்தபோது குதிரை இடது பக்கம் போனது, அண்ணாச்சி வலது பக்கம் போனார். விழுந்தேன் என்று அவர் சொல்லிக் கேட்டவர்கள் இல்லை. "இறங்கிட்டேன்" என்பார். இறங்கிய அன்று முதுகில் பற்றுப் போட்டது மதினி. "ஏங்க, ஏறும்போது மதகுச் சுவர் தேடுதீங்க, இறங்கும்போது ஒண்ணும் தேட மாட்டீங்களோ?" என்று அவர் கேட்டதற்கு நியாயமான பயிற்சியில் பதில் இல்லை.

விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொள்வார். தாங்க முடியாதது ஒன்று உண்டு. ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு கார் மெதுவாகப் பக்கத்தில் வரும். கண்ணாடி இறங்கும்.

"அண்ணே, ஒரு ரவுண்டு எவ்வளவு?"

"இது வாடகைக் குதிரை இல்லைங்க."

"பாப்பாவை மட்டும் உக்காரவெச்சு ஒரு போட்டோ. அம்பது ரூபா தர்றோம்."

ஊட்டியிலும் மெரினாவிலும் பார்த்த பழக்கம். அவர்கள் பேரில் குற்றம் சொல்ல முடியாது. பாப்பா அழ ஆரம்பித்ததும் அண்ணாச்சி இறங்குவார். இது உண்மையாகவே இறங்குவது. பாப்பாவின் கையை விரித்து, உள்ளங்கையில் கேரட் வைத்து, விரலை மடக்காமல் நீட்டச் சொல்லிக்கொடுப்பார். குதிரையின் மேலுதடு கையைத் துழாவும்போது பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ரூபாயை வாங்க மாட்டார். கொள்ளு விற்கிற விலையில் அதை வாங்கினால்தான் என்ன என்பது மதினி கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். 1904இல் ஒரு கமிட்டி போட்டுப் பார்த்தார்கள். ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை என்றது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர்தான் சூட்சுமத்தை எழுதினார். விடை வருகிற தட்டலில் கேட்டவரின் தலை அவரை அறியாமலே இம்மியளவு அசைகிறது. குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்துகிறது. கணக்கு அதற்குத் தெரியாது, மனிதனைத் தெரியும். இந்தக் கதையை அண்ணாச்சி எங்கே போனாலும் சொல்வார். அவர் தாராளமாகச் சொல்லலாம். அதற்கு நடமாடும் சாட்சி அவரிடமே இருக்கிறது. செங்கோட்டை ரோட்டில், பிரானூர் பார்டர் வந்ததும் பஞ்சகல்யாணி தானாக நின்றுவிடும். கொத்துப் பரோட்டாக் கல்லின் சத்தம் கேட்கிற தூரம். டாக்டர் கொலஸ்டிரால் என்று சொல்லி அண்ணாச்சிக்குப் பரோட்டாவை நிறுத்தி மாதக்கணக்கில் ஆகிறது. "நான் ஒண்ணும் செய்யலை வே, அதுவா நின்னுச்சு" என்று மேலே இருந்தபடி சொல்வார். அவர் வாய்தான் சொல்கிறது. இடுப்பு என்ன சொன்னது என்று குதிரைக்குத் தெரியும். குதிரைக்கும் இஷ்டம் என்று ஒன்று இருப்பதால், இறங்கி இரண்டு பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிடாமல் வருவது நியாயமாக இருக்காது.

நாய்களுக்குக் கொள்கை வேறு. குதிரை பயந்து ஓடிப் பிழைத்த குலம், நாய் விரட்டிப் பிழைத்த குலம். ஒன்று உடம்பைப் படிக்கும், மற்றது முகத்தைப் படிக்கும் என்று தொடங்குவார். நடைமுறையில் இரண்டுக்கும் வித்தியாசம் கிடையாது. நாய்களும் இஷ்டப்படிதான் நடக்கின்றன. சாரல் திருவிழாவில் நாய்கள் கண்காட்சி நடக்கும். அதே விழாவில் கொழுகொழு குழந்தைகள் போட்டியும் உண்டு. அண்ணாச்சி அங்கே போய்த் தாய்மார்களுக்குப் பிள்ளை வளர்ப்பு சொல்லிக்கொடுத்ததாக ஒரு வதந்தி, அதை விடுவோம். ராஜபாளையத்தைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனார். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஒரு குறை சொல்ல முடியாது. நடுவர் "உட்காரச் சொல்லுங்க" என்றார். சொன்னார். அது நின்றது. மறுபடி சொன்னார். அது நடுவரின் ஷூவை முகர்ந்துவிட்டு நின்றது. வெளியே வந்து அண்ணாச்சி அளித்த தீர்ப்பு: "2005லயே போஸ்டல்காரன் ஸ்டாம்ப் போட்ட சாதி வே. ஸ்டாம்புல நிக்கிறவன் சொன்னதும் உக்காருவானா?" அஞ்சல் துறை அந்த வருஷம் ஜனவரியில் இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டதும் அதில் ராஜபாளையம் இருப்பதும் உண்மை. கீழ்ப்படியாமைக்கு அதை ஆதாரமாகக் காட்டிய முதல் ஆள் இவராகத்தான் இருப்பார்.

வீட்டுக்குப் பின்னால் மாமரத்தடியில் பழைய சிப்பிப்பாறை ஒன்றைப் புதைத்திருக்கிறார். கல் இல்லை, பெயர் இல்லை. அந்த இடத்தில் யாரும் துணி துவைக்கக்கூடாது, அவ்வளவுதான். நாய் பன்னிரண்டு வருஷம், குதிரை இருபத்தைந்து முப்பது வருஷம் என்று ஒரு நாள் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். நாய்கள் நம்மை அழவைத்துவிட்டுப் போகும், குதிரையை நாம் அழவைத்துவிட்டுப் போகவேண்டி வரும் என்றார். நான் பேச்சை லாடத்துக்கு மாற்றினேன்.

லாடம் என்றாலே அவருக்கு இன்னொரு வழக்கு. மாட்டுக்கு லாடம் அடிக்க ஆள் உண்டு. குதிரைக் குளம்பு தெரிந்தவரை ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து காருக்குப் பணம் கொடுத்து வரவழைக்கவேண்டும். இது இன்று நேற்று வந்த வழக்கில்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டைப் பார்த்துவிட்டு எழுதியது அண்ணாச்சிக்கு மனப்பாடம். ஆண்டுக்கு 2000 குதிரைக்கு மேல் ராஜா வாங்குகிறார்; வருஷக் கடைசியில் 100கூட மிஞ்சுவதில்லை. வேகவைத்த சோறும் கறியும் போட்டு வளர்த்தால் எப்படி மிஞ்சும்? குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் சிக்கினால் உயிர் போய்விடும். இதில் கொடுமை, குதிரை விற்ற அரபு, ஓர்முஸ் வியாபாரிகள் குதிரை வைத்தியம் தெரிந்த ஒருவனையும் கப்பலில் ஏறவிடவில்லை என்று போலோ சொல்வது. செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! இதெல்லாம் நம்ம காயல் துறைமுகத்து வழியாக நடந்தது. குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாக ஓடி சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலந்து போய்ச் சேரும் அதே கரை. அண்ணாச்சி இதைச் சொல்லும்போது குரல் உயரும். பாண்டியனைப் பக்கத்து வீட்டுக்காரன் போலத் திட்டுவார்.

அவர் குரல் உயர்கிற இன்னொரு இடம் மரக்கடை. சாவி மகனிடம் இருந்தாலும் வாய் இவரிடம்தான் இருக்கிறது. தடி இறக்குகிற பையன் ஒரு நிமிடம் பிந்தினால் போதும், தென்காசிக் கோபுரத்துக்குக் கேட்கும். ஒரு நாள் அந்தப் பையன் பொறுக்க முடியாமல் கேட்டான்: "மொதலாளி, நானும் லாடம் அடிச்சுக்கிட்டு வந்தா எனக்கும் இஷ்டம்னு ஒண்ணு இருக்குமா?" கடையே உறைந்தது. அண்ணாச்சி அவனை வெகுநேரம் பார்த்தார். அன்று டீ அவர் காசு. மறுநாளிலிருந்து பழைய குரல்தான். ஆனால் கத்தத் தொடங்குமுன் ஒரு நொடி நிறுத்துகிறார். குதிகாலை எடுக்கிற அதே நொடிதான் அது என்று எனக்குப் படுகிறது. ஐம்பது வயதில் பிடிக்கிற கிறுக்குகளில், பிடித்தவரைக் காத்திருக்கப் பழக்குகிற கிறுக்கு இது ஒன்றுதான். தோப்பு வாங்கியவரிடம் இந்த முன்னேற்றத்தை நான் காணவில்லை.

ஆகவே இந்த சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குற்றாலம் ரோட்டில் ஹெல்மெட் போட்ட ஒருவர் குதிரைமேல் தென்பட்டால் ஹாரன் அடிக்காதீர்கள். நேர் பின்னாலிருந்து ஒட்டி வராமல் அது பார்க்கும்படி விலகி, வேகம் குறைத்துக் கடந்துபோங்கள். குடையைத் தள்ளிப்போய் விரியுங்கள். நின்றுவிட்டால் பத்து நிமிடம் பொறுங்கள், செவலை வந்துவிடும். ஒரு ரவுண்டு எவ்வளவு என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். கேரட் இருந்தால் கொண்டுவாருங்கள்.