தோட்டம் போட்டுத் தருகிறவர்

திருத்தணி வட்டாரத்துப் பொதட்டூர்பேட்டையில் வீடு கட்டி முடித்தவர் கடைசியாகத் தேடுவது தோட்டம் போட்டுத் தருகிறவரை. கொத்தனாரும் பெயின்டரும் கணக்குத் தீர்த்துப் போன பிறகு, மிச்சமிருக்கும் பணத்துக்கு அவர் வருவார். டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டி, காலுக்கிடையில் மண்வெட்டி, பின்னால் ஒரு சாக்கு. சாக்கிலிருந்து எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு குரோட்டன்ஸ் எட்டிப் பார்க்கும்.

இடத்தைப் பார்க்கும் முன்பே செல்போனை நீட்டிவிடுவார். அதிலுள்ள புல்வெளி, நீரூற்று எல்லாம் தாம் போட்டவையே என்பார். ஒரு படத்தில் பின்னணியில் பனிமலை தெரிகிறதே என்று கேட்டால், "அது ஊட்டிப் பக்கம் சார்" என்று பதில் வரும்.

அவருக்குப் பிடித்தது கொரியன் புல். சதுர அடிக் கணக்கில் விலை சொல்லத் தோதானது. திருத்தணி வட்டாரத்தில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம் என்பதோ, அந்த வீடு குடிக்கவே கேன் தண்ணீர் வாங்குகிறது என்பதோ பேச்சில் வராது. பத்தாம் நாள் புல் மஞ்சளானால், "வேர் பிடிக்கிற நேரத்துல அப்படித்தான் இருக்கும்." அடுத்த மாதம் கருகினால், "உங்க போர் தண்ணி உப்பு சார்." இரண்டாவது பதில் பெரும்பாலும் உண்மைதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மதில் ஓரத்துக்குக் கோனோகார்பஸ். "ஆறே மாசம், ரோட்டுல போறவனுக்கு உள்ள ஒண்ணும் தெரியாது" என்பார். அதன் வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகும், மகரந்தம் மூச்சுத் தொல்லை தரும் என்ற புகார்களால் குஜராத் 2023இல் அதை நடத் தடை விதித்தது. பிறகு தமிழ்நாடும் விதித்தது. அவர் காதுக்கு இரண்டும் எட்டியிருக்காது.

செடிகள் ராஜமுந்திரி அருகே கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருகின்றன. விலை விவரம் வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதென்று, அவர் எதிரிலேயே போனில் தெலுங்கில் பேசுவார். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்ததே 1960 ஏப்ரல் 1இல்தான். தறிக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை தெலுங்கு தெரியாதவர் இங்கே அபூர்வம். வீட்டுக்காரர் கமிஷன் உட்பட எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மரியாதைக்காகப் பேசாமல் இருப்பார்.

முன்பணம் கைமாறியதும் ஒரு டிராக்டர் செம்மண் கேட்டருகே கொட்டப்படும். பிறகு அவருக்கு ஆடிக் கிருத்திகைக் காவடி, மச்சினன் வீட்டுக் கல்யாணம், வண்டி ரிப்பேர் என்று வரிசையாக வரும். குவியலில் கோழி கிளறும். முதல் மழையில் கால்வாசி தெருவுக்குப் போகும். மீதியில் முளைக்கீரை தானாக முளைக்கும். வீட்டுக்காரம்மா அதைக் கிள்ளிக் கூட்டு வைப்பார். அந்த ஒப்பந்தத்தில் கண்ட விளைச்சல் அவ்வளவுதான்.

நம்பத்தக்கவரும் இதே ஊரில் உண்டு. பார்த்தால் நம்பிக்கை வராது என்பதுதான் சிக்கல். போனில் படம் இருக்காது. செப்டிக் டேங்க் எங்கே, பிற்பகல் வெயில் எந்தப் பக்கம் என்று கேட்பார். கடப்பாரையால் ஒரு குழி தோண்டி, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது வடியும் வரை பேசாமல் குந்தியிருப்பார். புல் வேண்டாம், நந்தியாவட்டை, செம்பருத்தி, இட்லிப்பூ, கொல்லையில் கறிவேப்பிலை போதும், வேம்பு சுவரை விட்டுத் தள்ளியிருக்கட்டும், நடுவது ஐப்பசி மழை தொடங்கிய பிறகு என்பார். மண்ணுக்கும் செடிக்கும் மட்டும் முன்பணம், கூலி துளிர் விட்ட பின். 'இவருக்கு விஷயம் தெரியாது போல' என்று வீட்டுக்காரர் அனுப்பிவிடுவார்.

இரண்டு கோடை தாண்டியும் பச்சையாக நிற்கும் வாசல் எது என்று பார்த்து, அங்கே விசாரிப்பதே அவரைப் பிடிக்கும் வழி. அந்த வீட்டுக்காரர் நம்பரைத் தர யோசிப்பார். தந்துவிட்டால் தம் வீட்டுச் செம்பருத்தியைக் கவாத்து செய்ய ஆள் வருவது தள்ளிப்போகும் என்பது அவர் கணக்கு.