ஆபத்தில்லாத குருணைக்கு ஒரு பாராட்டு மனு

பெறுநர்:
செயலாளர் நாயகம் அவர்கள்,
சர்வதேச கடல்சார் அமைப்பு,
தேம்ஸ் நதிக்கரை, லண்டன்.

பொருள்: கரை ஒதுங்கிய சரக்கைத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் தங்கள் சபையின் சட்டஞானத்துக்கு ஒரு கும்பிடு. கப்பல்கள் கடலை அசுத்தப்படுத்தாமல் தடுக்கும் மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்புப்படி, கப்பலில் வேலை செய்பவர் டீ குடித்த பிளாஸ்டிக் கப்பைக் கடலில் வீசினால் குற்றம். அதே கப், கப் ஆவதற்கு முன், ஜவ்வரிசி மாதிரி குருணையாக மூட்டையில் கட்டிக் கன்டெய்னர் கன்டெய்னராக ஏறினால் சாதாரணச் சரக்கு. கப்பல் கவிழ்ந்து அத்தனையும் கொட்டினால் விபத்து. ஆக, பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவதென்றால் கப் கப்பாகப் போடக்கூடாது, டன் டன்னாகப் போட வேண்டும் என்று புரிந்துகொண்டிருக்கிறோம். சரிதானே?

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் தீப்பிடித்தபோது சுமார் 1,680 டன் குருணை அதில் இருந்தது. நீர்கொழும்புக் கரை வெள்ளையாகிப் போனது. மீனவர்களுக்குக் கடல் மூடப்பட்டது. இதை ஆபத்தான சரக்காக வகைப்படுத்துங்கள் என்று அந்த ஆண்டே இலங்கை தங்களிடம் கேட்டது. தாங்கள் பதறவில்லை. நிதானமாக யோசித்து 2024-ல் ஒரு சுற்றறிக்கை விட்டீர்கள்: நல்ல பையில் கட்டுங்கள், உள்ளே என்னவென்று எழுதுங்கள், முடிந்தால் கீழ்த்தளத்தில் வையுங்கள். எல்லாம் மனமிருந்தால்.

அடுத்து 2025 மே 25. கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 கப்பல் மூழ்கியது. 640 கன்டெய்னரில் 13 ஆபத்தானவை, 12-ல் கால்சியம் கார்பைடு என்று உடனே அறிவித்தார்கள். அதில் இருந்த குருணை அந்தப் பட்டியலில் இல்லை. தங்கள் விதிப்படி அது சாது. அந்தச் சாதுதான் கரையேறி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி, தனுஷ்கோடி என்று தீர்த்தயாத்திரை வந்தது.

சாதுவைப் பொறுக்குவது எப்படி என்று லண்டனில் தெரிந்திருக்க நியாயமில்லை. ஈர மணலை நேரே சலித்தால் சல்லடைக்கண் அடைத்துக்கொள்ளும். வாளியில் கடல்நீரை மொண்டு அதில் மணலைக் கொட்டிக் கலக்க வேண்டும். மணல் அடியில் போகும். குருணை மேலே மிதக்கும், கூடவே பாசித் துணுக்கும் சுள்ளியும். அதை அரித்தெடுத்து, குனிந்த முதுகு நிமிராமல் கையால் பிரிக்க வேண்டும். நிமிர்வதற்குள் அடுத்த அலை அதே இடத்தில் புதிதாகத் தூவிவிட்டுப் போயிருக்கும்.

கைக்குச் சிக்காதது வெயிலிலும் அலையிலும் நொறுங்கிப் பொடியாகும். கடலில் ஏற்கெனவே கலந்திருக்கும் பூச்சிமருந்து விஷங்களைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். மீன்முட்டை என்று நம்பி விழுங்கும் பறவைக்குத் தங்கள் வகைப்பாடு எட்டவில்லை. மனிதர்களுக்கும் எட்டவில்லை போலும். 2024-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், 257 நோயாளிகளில் 150 பேரின் கழுத்துத் தமனிப் படிவில் பாலிஎத்திலீன் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மரணமும் கூடுதல். அது கப்பல் குருணைதான் என்று பழி போட மாட்டோம். பையாக இருக்கலாம், பாட்டிலாக இருக்கலாம். என்ன, பையும் பாட்டிலும் ஒருகாலத்தில் குருணையாக இருந்தவை.

இனி விஷயத்துக்கு வருகிறோம். பொறுக்கிய குருணை சாக்குகளில் கிடக்கிறது. பிறத்தியார் பொருள் எங்களுக்கு ஆகாது. தங்கள் முகவரிக்கே கப்பலேற்றிவிடலாம் என்றிருக்கிறோம். ஆபத்தான சரக்கு இல்லை என்பதால் எச்சரிக்கை முத்திரை ஒட்டவில்லை. சாக்குகள் பழசு, இரண்டொன்றில் எலி கடித்த ஓட்டை உண்டு. கீழ்த்தளத்தில் இடமில்லையாம். கட்டாயமில்லை என்று தாங்களே சொல்லியிருப்பதால், மேல்தளத்தில் ஓரமாக வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குமரிக் கடற்கரைக் குருணை பொறுக்குவோர்