மாட்யூல்வாதி

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் பாக்கியமும், அதன் தரைத்தளத்தில் காரொன்றை நிறுத்திவைக்கும் கூடுதல் பாக்கியமும் வாய்க்கப்பெற்றவர்கள் இந்தக் கனவானை அறியாமல் இருக்க முடியாது. உத்தியோகத்தால் அவர் இன்ஷூரன்ஸ் அதிகாரியாகவோ, பாங்கி மானேஜராகவோ, சர்க்கார் இலாகா ஒன்றில் பென்ஷன் வாங்குபவராகவோ இருப்பார். மெக்கானிக்காக மட்டும் ஒருநாளும் இருக்கமாட்டார். ஆயினும், யாராவது ஒருவர் தம் காரின் ஹெட்லைட் சில சமயம் எரிகிறது, சில சமயம் எரிவதில்லை என்று, லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும் இடைவெளியில், அதுவும் வேறொருவரிடம், மெல்லிய குரலில் பிரஸ்தாபித்துவிட்டால் போதும்; எந்தத் தூணின் மறைவிலிருந்து என்று சொல்லமுடியாதபடி அவர் பிரசன்னமாவார்; பிரசன்னமானவர், காரைப் பார்க்காமலேயே, சாவியைக் கேட்காமலேயே, "மாட்யூல் போயிடுச்சு சார்" என்று தீர்ப்பையும் வழங்கிவிடுவார். விசாரணை அதற்குப் பிறகுதான்.

இவருடைய செல்வாக்கு ஓங்குவதற்கு, விட்டுவிட்டு வரும் கோளாறு என்னும் விசித்திரப் பிறவியின் சுபாவமே முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம். ஒரேயடியாக அணைந்துபோன விளக்குக்கு வைத்தியம் எளிது: பல்பைப் பார்க்கிறோம், ஃபியூஸைப் பார்க்கிறோம், ஏதோ ஒன்று கருகியிருக்கிறது, மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மற்றதோ, ஜி.எஸ்.டி. சாலையில் மதுராந்தகம் ஏரியை ஒட்டி, எதிரே ஆம்னி பஸ் ஒன்று கண்ணைப் பறித்துக்கொண்டு வரும் அந்தக் கணம் பார்த்து அணையும். சுங்கச்சாவடியின் வெளிச்சத்தில், யாருக்கும் தேவைப்படாத இடத்தில், தானே எரியத் தொடங்கும். மறுநாள் ஆபீசுக்கு அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால், சம்பந்தி வீட்டார் வந்திருக்கும்போது மட்டும் பரமசாதுவாகிவிடும் பிள்ளையைப்போல, நிஷ்களங்கமாக ஜொலிக்கும். "நல்லாத்தானே சார் எரியுது?" என்று ஒர்க்‌ஷாப் பையன் கேட்டுவைக்க, காரின் சொந்தக்காரர் தம் சித்த சுவாதீனத்தைப் பற்றியே சந்தேகப்பட்டுக்கொண்டு திரும்புகிறார். அப்படித் திரும்புகிறவருக்கு விளக்கு எரிவதைவிட, அது அணைந்தது வாஸ்தவம் என்று ஒப்புக்கொள்ள ஓர் ஆத்மா அவசரமாகத் தேவைப்படுகிறது. மாட்யூல்வாதி கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொள்கிறார்.

பழைய காலத்துக் கார்களில் இப்படியொரு மனிதர் உற்பத்தியாகியிருக்கவே முடியாது. பாட்டரியிலிருந்து ஸ்விட்சுக்கு ஓர் ஒயர், ஸ்விட்சிலிருந்து ஃபியூஸ் வழியாக விளக்குக்கு ஓர் ஒயர், விளக்கிலிருந்து காரின் இரும்பு உடம்புக்கு எர்த், அவ்வளவுதான் சாஸ்திரம். ஆதிகாலத்து அம்பாஸடரில் விளக்கைத் தாழ்த்தும் டிப்பர் ஸ்விட்ச் கிளட்சுக்குப் பக்கத்தில் தரையிலேயே இருந்தது. அடம்பிடித்தால் இடக்காலால் ஓர் உதை, பரீட்சையும் அதுவே, சிகிச்சையும் அதுவே. இண்டிகேட்டரை எரித்து அணைத்த ஃபிளாஷரோ, சூடேறி வளைந்தும் ஆறி நிமிர்ந்தும் 'டிக் டிக்' என்று சப்தமிட்டுக்கொண்டிருந்த ஓர் உலோகத் தகடு. இன்றைய காரில் ஸ்விட்ச் என்பது ஒரு மனுவை மட்டுமே சமர்ப்பிக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியிலோ கிளவ் பாக்ஸுக்குப் பின்னாலோ வீற்றிருக்கும் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்னும் பெட்டி அந்த மனுவைப் பரிசீலித்து, உசிதமென்று தோன்றினால் விளக்குக்குக் கரண்டை அனுமதிக்கிறது. எங்கேயோ ஷார்ட் என்று சந்தேகம் தட்டினால் அனுமதியை ரத்தும் செய்கிறது. காரிலுள்ள இதர பெட்டிகளோடு, முறுக்கிய இரண்டே ஒயர்களின் வழியே, ஜெர்மனியின் பாஷ் கம்பெனியார் 1986-இல் அறிமுகம் செய்த 'கேன்' என்ற முறையில், ஓயாமல் சம்பாஷித்துக்கொண்டும் இருக்கிறது. கண்ணுக்கு மறைவாக, மூடிய பெட்டிக்குள், ஒன்று இத்தனை அதிகாரம் செலுத்துகிறதென்றால், நடக்கும் அக்கிரமங்கள் யாவற்றையும் அதன் தலையில் சுமத்த ஒருவர் தோன்றாமல் இருப்பாரா?

மாட்யூலே சத்தியம், ஒயர்களெல்லாம் மித்தை என்பது அவருடைய சித்தாந்தம். எந்தச் சாட்சியத்தைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது அவர் கட்சிக்கே அனுகூலமாகிவிடும்.

"மழை பெய்ஞ்சாதான் சார் டிம் ஆகுது."

"ஈரம் மாட்யூலுக்கு ஆகாது."

"போன வாரம் வெயில்லயும் ஆச்சே?"

"வெயில் அதைவிட ஆகாது சார்."

"நேத்து ஒண்ணுமே ஆகலை."

"பாத்தீங்களா? உள்ளுக்குள்ள வேலை பண்ணிட்டிருக்கு."

பிரமாணம் இல்லாமலும் அவர் பேசுகிறவரல்லர். அமெரிக்காவில் போலீஸாரும் டாக்ஸிக்காரர்களும் ஏகமாக உபயோகித்த ஃபோர்டு கிரவுன் விக்டோரியா என்னும் பெரிய காரில், 2003 முதல் 2005 வரையிலான மாடல்களில், விளக்குக் கட்டுப்பாட்டு மாட்யூல் கெட்டு ஓட்டத்திலேயே ஹெட்லைட் அணைந்ததாகப் புகார்கள் எழுந்து, அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு இலாகாவின் கவனத்துக்கே விஷயம் போயிற்று. உண்மையான சங்கதிதான். அந்தக் காரை அவர் கண்ணால் கண்டதில்லை. எதிரே நிற்கும் கார் அதற்கு எந்த வகையிலும் பந்துவன்று. ஆனாலும், "அமெரிக்காவுல கவர்மெண்டே விசாரிச்ச கேஸ் சார் இது" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லும்போது, எதிர்வாதம் செய்ய யாருக்கும் நா எழுவதில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும்: மாட்யூல் உண்மையாகவே கெட்டுப்போவதுண்டு. பெட்டிக்குள்ளிருக்கும் ரிலேயின் கால்கள் போர்டோடு சால்டரால் பற்றவைக்கப்பட்டவை. மே மாதத்து வெயிலில் நிறுத்திய காருக்குள் வெந்தும், ஏ.சி. போட்டதும் குளிர்ந்தும், கரண்ட் ஓடும்போதெல்லாம் சூடேறியும், வருஷக்கணக்கில் விரிந்து சுருங்கிய அந்தச் சால்டர், கடைசியில் காலைச் சுற்றி மயிரிழை அளவுக்கு வெடித்துவிடும்; பிறகு ஒரு குலுக்கலில் ஒட்டும், மறு குலுக்கலில் விலகும். பூதக்கண்ணாடியும் சால்டரிங் அயர்னும் வைத்திருக்கும் பொறுமைசாலி ஒருவர், அந்த இடத்தை மீண்டும் ஒருமுறை உருக்கி விட்டால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். ஆனால் நம் கனவானிடம் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார். பெட்டியைத் திறப்பது அவருக்கு அபசாரம். மாற்றுவது ஒன்றே தர்மம்.

அவருக்கு ஜன்மசத்ரு எர்த். புதுப்பேட்டையில், கூவத்தின் ஓரமாக, டெஸ்ட் லாம்ப்பும் பத்தாம் நம்பர் ஸ்பேனருமாக உட்கார்ந்திருக்கும் ஒயரிங் மேஸ்திரி எவரிடம் போனாலும் வாயிலிருந்து உதிரும் முதல் வார்த்தை, "எர்த் பாத்தீங்களா?" என்பதுதான், அந்த வார்த்தையைக் கேட்டாலே மாட்யூல்வாதிக்கு உடம்பு கூசும். இத்தனைக்கும் மேஸ்திரியின் பட்சத்தில் பௌதிக சாஸ்திரம் முழுவதும் நிற்கிறது. 60 வாட் ஹெட்லைட் ஒன்று 12 வோல்ட்டில் சுமார் 5 ஆம்பியர் இழுக்கிறது. போன கரண்ட் அத்தனையும் காரின் உடம்பில் இறுக்கிய ஒரு போல்ட்டின் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கத்துக் கடற்காற்று அந்தப் போல்ட்டைச் சற்றே ருசி பார்த்துவிட்டால், திரும்பும் வழி அடைபட்ட கரண்ட் அண்டை விளக்கின் வழியே புகுந்து வெளியேற முயலும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மினுக்கும், இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட் தாளம் போடும். நூறு இழையில் ஒன்றே ஒன்று மிஞ்சிய ஒயர்கூட, விளக்கை அணைத்துவிட்டு மீட்டர் வைத்துப் பார்ப்பவரிடம் 'நான் சௌக்கியம்' என்றே சாதிக்கும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் விளக்கை எரியவிட்டு, பாட்டரியின் நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவே அளப்பார்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கள்ளன் அகப்பட்டான் என்று பொருள். மேஸ்திரிக்கு மீட்டரும் வேண்டாம். நெகட்டிவிலிருந்து தனி ஒயர் ஒன்றை இழுத்து பல்பின் எர்த்தைத் தொடுவார். விளக்கு சட்டென்று பிரகாசிக்கும். "அவ்ளோதான் சார்" என்று பீடியைப் பற்றவைப்பார். இதில் ரகசியமில்லை, மகிமையில்லை, முக்கியமாகச் செலவில்லை. இவ்வளவு அற்பமான காரணத்தாலா தம் கார் தம்மை இருட்டில் தவிக்கவிட்டது என்று சொந்தக்காரருக்கே அது கௌரவக் குறைவாகப் படுகிறது.

ஆகவே மாட்யூல் வாங்கப்படுகிறது. புதியதன் விலையைக் கேட்டு மயங்கியவரைத் தெளிவித்து, கழற்றிய பார்ட் ஒன்றை மலிவாகத் தேடிக்கொடுப்பதும் நம்மவரே. அதை மாட்டிய உடனே விளக்கு எரிந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. வேறொரு காரில் வாழ்ந்த பெட்டிக்குப் புது எஜமானரின் சாவி அந்நியமாகப் பட, பல வண்டிகளில் என்ஜினே கிளம்ப மறுத்துவிடும். லாப்டாப்போடு ஒரு பையன் வந்து கோடிங் என்னும் அறிமுகச் சடங்கை நடத்திவைக்க வேண்டும். பெட்டி உயர்தர மாடலிலிருந்து வந்ததாயின் வேடிக்கை இன்னும் அதிகம்; இல்லாத ஃபாக் லாம்ப்பைக் காணவில்லையென்று டாஷ்போர்டு புலம்பும். "உங்க கார் இப்ப டாப் மாடல் ஆயிடுச்சு சார்!" என்று அவர் சந்தோஷிப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு விளக்கு எரிகிறதா என்றால், பல சமயங்களில் நன்றாகவே எரிகிறது. அங்கேதான் அவருடைய கீர்த்தியின் சூட்சுமம் இருக்கிறது. பழைய பெட்டியைக் கழற்றும்போதும் புதியதைப் பொருத்தும்போதும், கப்ளருக்குள் பச்சை பூத்துக் கிடந்த பின்கள் உரசி உரசிச் சுத்தமாகிவிடுகின்றன. கழற்றியதையே திரும்ப மாட்டியிருந்தாலும் அந்த விளக்கு எரிந்திருக்கும். இதை அவரிடம் சொல்ல யாருக்கு மனம் வரும்? செத்துப்போனதாக இறக்கிய மாட்யூல்களையெல்லாம் அவர் தம் வீட்டு அலமாரியில் தேதி எழுதி, துணியால் துடைத்து, சிரத்தையாக அடுக்கிவைத்திருக்கிறார். அவற்றுள் பெரும்பாலானவை பூரண ஆரோக்கியத்துடன் இருக்கின்றன. இரண்டாம் மாடிக்காரர் காரில் காலமான பெட்டி, ஒருநாள் அவசரத்துக்கு ஐந்தாம் மாடிக்காரர் காரில் ஏறி, கோடிங்குக்குப் பின் கம்பீரமாக உத்தியோகம் பார்க்கத் தொடங்கும். "ரெஸ்ட் கொடுத்தா சில மாட்யூல் தேறிடும் சார்" என்பது அதற்கு அவருடைய வியாக்கியானம்.

அவரை எப்படியும் வாதத்தில் மடக்கிவிடுவது என்று மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் கங்கணம் கட்டிக்கொண்டார். புது மாட்யூல் போட்டும் பழையபடி அணையத் தொடங்கிய தம் விளக்கை, அவருக்குத் தெரியாமல் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோய், ஃபெண்டருக்கு உள்ளே துருப்பிடித்திருந்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கிக்கொண்டு, மேஸ்திரிக்குக் கொடுத்த டீச் செலவையும் கணக்கில் சேர்த்து, வெற்றிக்களிப்போடு வந்து நின்றார்.

"எர்த்தைத்தான் சார் டைட் பண்ணினாங்க. மாட்யூலைத் தொடவே இல்லை. ரெண்டு மாசமா அணையவே இல்லையே!"

மாட்யூல்வாதி சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, துக்கம் விசாரிக்கும் தோரணையில், மூன்றாம் மாடிக்காரரின் தோளில் கையை வைத்தார்.

"எர்த் கொஞ்சம் லூஸா இருந்ததுக்கே லைட்டு அணைஞ்சுடுச்சா? நல்ல மாட்யூலா இருந்தா அதையெல்லாம் சமாளிச்சிருக்காதா சார்? இது ரொம்ப வீக்கா இருக்கு. நான் அப்பவே சந்தேகப்பட்டேன்."

மூன்றாம் மாடிக்காரர் வாயைத் திறந்தார், மூடினார், தம் காரை ஒருமுறை கவலையோடு திரும்பிப் பார்த்தார்.

"மாத்தினா எவ்வளவு சார் ஆகும்?" என்றார்.