கதாநாயகன் யார்?

நவீனத்துவ நாவல் என்றாலே புரியாது என்கிறார்களே?
(கவரைப்பேட்டை வாசகர்)

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' (1974) படியுங்கள். கந்தன் என்ற ஒருவனின் ஒரே ஒரு நாள். ஜாய்ஸ் 1922-இல் 'யுலிஸிஸ்' நாவலில் டப்ளினுக்குச் செய்ததும் அந்த ஒரு நாள் கணக்குதான். நாகராஜனின் புத்தகம் சின்னது, கும்மிடிப்பூண்டி லோக்கலில் நாலு நாள் போய்வந்தால் முடிந்துவிடும். அப்போதும் புரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள்.

ஜே.ஜே. நிஜமாகவே வாழ்ந்தவரா?
(திருவள்ளூர் வாசகி)

இல்லை. சுந்தர ராமசாமி 1981-இல் தன் நாவலில் படைத்த மலையாள எழுத்தாளன். ஆல்பெர் காம்யு இறந்த மறுநாள் அவனைச் சாகவைத்தார். அவன் யாருக்கு உறவு என்று அந்தத் தேதியே சொல்லிவிடுகிறது.

'அசுரன்' படம் பார்த்தேன். அதற்கு மூலமான 'வெக்கை' நாவல் கரிசல் கதைதானே, நவீனத்துவத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?
(பொன்னேரி வாசகர்)

மண் கரிசல், சொன்ன விதம் நவீனம். 1982-இல் பூமணி எடுத்த எடுப்பிலேயே வெட்டில் தொடங்குகிறார். ஏன் வெட்டினான் என்பதை, ஓடி ஒளியும் அப்பனும் மகனும் பேசிக்கொள்வதிலிருந்து நாம்தான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். ஆசிரியர் நடுவில் வந்து நியாயம் பேசுவதே இல்லை. 1959-இல் செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' முதலான சிறுபத்திரிகைகள் மல்லுக்கட்டி வாங்கித் தந்த சுதந்திரம் இது.

சிப்காட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளி நான். எங்களைப் பற்றி நாவல் எழுத ஆசை. எதைப் படிக்கலாம்?
(கும்மிடிப்பூண்டி வாசகர்)

அசோகமித்திரனின் 'கரைந்த நிழல்கள்' (1969). சினிமாக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜெமினி ஸ்டூடியோவில் பத்து வருஷத்துக்கு மேல் சம்பளத்துக்கு உழைத்தவர் எழுதியது. அதில் ஒரு அத்தியாயத்தில் முக்கியமாக இருப்பவர் அடுத்ததில் இருக்க மாட்டார். கதாநாயகன் யார் என்று தேடினால் வேலைதான் அகப்படும்.

உங்கள் ஷெட்டும் அப்படித்தானே? நேற்று பக்கத்தில் நின்றவருக்கு இன்று கேட் பாஸ் இல்லை. அவர் இடத்தில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஒரு பையன் நிற்கிறான். முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே ஆளைச் சுமக்கும் கதை இந்த வாழ்க்கைக்குப் பொருந்தாது. ஆளுக்கொரு அத்தியாயம் கொடுங்கள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்காரருக்குத் தெரிந்தது நைட் ஷிஃப்ட்காரருக்குத் தெரியாமலே இருக்கட்டும். கடைசியில் எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றிப் பேசவைக்க வேண்டாம்.

ஈழத்தவர்கள் யாராவது இப்படி நவீனத்துவ நாவல் எழுதியிருக்கிறார்களா? நான் அகதி முகாமில் பிறந்தவள்.
(கும்மிடிப்பூண்டி வாசகி)

ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001) படித்துப் பாருங்கள் தங்கச்சி. அகதி விண்ணப்பத்தையே நாவலுக்குள் இழுத்துவந்து, அடிக்குறிப்புகளையும் கதை சொல்ல வைத்தவர் அவர். விண்ணப்பம் எழுதும் மொழியை உங்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முகாமில் ஆள் கணக்கு எடுக்கும் ஒரு நாளிலிருந்து தொடங்குங்கள். முதல் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள், வரிக்கு வரி படித்துப் பதில் எழுதுகிறேன்.