பிரட்டுக்களத்தில் எழுத்துருக்கள்: பதிலாள் முறை குறித்த ஓர் ஆய்வு

முதல் ஆள் இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடும் பதிலாள் கோட்பாடு மலையகத்தில் முதலில் சோதிக்கப்பட்டது கணினியில் அன்று, மலைச்சரிவில். பட்டியலின் முதற்பெயர் கோப்பி. 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி படுத்ததும் சிங்கோனாவைக் கூப்பிட்டார்கள். அதன் விலையும் விழவே, 1867இலிருந்து ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் வளர்த்துவந்த தேயிலை எழுந்து கையை உயர்த்தியது. 'எழுத்துரு' என்ற சொல்லின் வாலில் அந்தத் துரு இன்னும் ஒட்டியிருப்பதை இலக்கண ஆசிரியர்கள் எவரும் கவனிக்கவில்லை.

ஆய்வுக்களம்: அட்டன் நகரில் ஒரு கொமினிகேஷன் கடை. கருவிகள்: ஒரு கணினி, மூன்று கைபேசிகள், நான்கு பிளேன்டீ. ஆய்வுப்பொருள்: எங்கள் தோட்டத்துக் கோயில் தேர்த் திருவிழாவுக்கு நான் செய்த வலைப்பக்கம்.

பக்கத்துக்குப் பூச்சு வேலை செய்கிறவர் எழுத்துருக்களின் பெயர்களை வரிசையாக எழுதிவைப்பார். ஜோர்ஜியா, ஏரியல் என்று போய், கடைசியில் 'இந்தக் குடும்பத்தில் யார் வந்தாலும் சரி' என்று முடியும். பூச்சு வேலைக்கான மொழியான சிஎஸ்எஸ்ஸின் 1996 முதற்பதிப்பே அதற்கென ஐந்து பொதுக் குடும்பங்களை வகுத்துவிட்டது. நம் தோட்டத்துப் பாஷையில் இது செக்ரோல், ஆட்களின் பேர்ப்பட்டியல். உலாவி, விடியற்காலைப் பிரட்டில் நிற்கும் கணக்கப்பிள்ளை. வித்தியாசம் ஒன்றுதான். கணக்கப்பிள்ளை நாளுக்கு ஒருதரம் பேர் கூப்பிடுவார். உலாவி எழுத்துக்கு எழுத்து கூப்பிடும். ஒரே வரியில் ஆங்கிலமும் தமிழும் வந்தால் ஆங்கிலத்தை ஜோர்ஜியா பறித்துக்கொள்ளும். தமிழுக்கு வேறு யாரோ.

யார் அந்த வேறு யாரோ என்பதே இவ்வாய்வின் உயிர். ஆங்கிலத்துக்கென்று எழுதிய பட்டியலில் தமிழ் தெரிந்த ஒரு பெயரும் இருக்காது. கணினி தன் கிடங்கில் துழாவி ஓர் ஆளைப் பிடிக்கிறது. விண்டோஸ் 2000 காலத்தில் லதா, விண்டோஸ் 8 முதல் நிர்மலா, அன்ட்ரொய்டில் நோட்டோ. செக்ரோலில் பேர் இல்லாமலே முழு மலையையும் எடுத்து முடித்துவிட்டுப் போகிறார்கள். நம்மவர்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் பற்றித் தாத்தா சொல்லக் கேட்டவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

பதிலாளின் உயரம் முன்கூட்டித் தெரியாது என்பது அடுத்த சிக்கல். ஆங்கில உயரத்துக்கு அளந்த வரியில் தமிழ் நிற்கும்போது தலை இடிக்கும். முதலில் போவது புள்ளி. 'பால்மா' என்று எழுதினால் 'பாலமா' என்று பக்கம் நம்மையே கேட்கும். ஆளே கிடைக்காத இடத்தில் வெறும் பெட்டிகள் வரிசையாக வரும். உலகம் அதை டோஃபு என்கிறது. அதை ஒழிக்கவே பிறந்ததால்தான் 'நோ டோஃபு' என்ற பொருளில் நோட்டோவுக்கு அந்தப் பெயர். டோஃபு விற்காத அட்டனில் இவ்வாய்வு அதைக் காலி லயம் என்று அழைக்கும். எட்டுக் காம்பரா, ஆளில்லை.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் கதை தனி. அதில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளுக்குள் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கைபேசியில் பதிலாளைத் தேடும் பேச்சே இல்லை. ஜே என்றதும் ஏரியலே 'பிரசன்ட்' சொல்லிவிடும். பிரட்டில் தலைக்கணக்கு சரி, வந்தவர்கள்தான் வேறு தோட்டத்து ஆட்கள்.

பரிகாரம் உண்டு. ஆங்கில எழுத்துருவை முதலில் எழுதி, தமிழுக்கு நிர்மலாவையும் நோட்டோவையும் பேர் சொல்லிப் பதிந்து, அதற்குப் பிறகே பொதுக் குடும்பத்தை விட வேண்டும். நிர்மலாவை முதலில் நிறுத்தினால் ஆங்கிலத்தையும் அவரே பறிப்பார். வலையிலிருந்து இறக்கும் எழுத்துருவென்றால், யூனிகோட்டில் தமிழுக்குரிய 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையான 128 இடங்களுக்கு மட்டும் வேலி போடலாம். உன் மலை இவ்வளவுதான், தாண்டாதே.

இவ்வளவையும் நான்காவது பிளேன்டீ ஆறும்வரை கடைக்காரத் தம்பிக்கு விளக்கினேன்.

"எதுக்கு சேர் இவ்வளவு கஷ்டம்? போட்டோவா போட்டுருங்க" என்றார்.

அன்று மாலை நோட்டீஸ் முழுவதும் படமாக ஏறியது. மூன்று கைபேசிகளிலும் ஒரே முகம், எல்லாப் புள்ளியும் தலையில் பத்திரம். 'தேர்த் திருவிழா'வில் மட்டும் ஒரு 'த்' குறைந்திருந்தது. எழுத்தாக இருந்தால் திருத்தியிருக்கலாம்.