எமனோடு வழக்காடிய பாட்டுகள்

பனித்திட்டு, பாகூர், வில்லியனூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றின: சாவுப் பாட்டு, சாவுப் படம். அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே.

கேள்வி: எங்கள் தாத்தா கடலூர் சந்தையில் கொலைச்சிந்து வாங்கி வந்து திண்ணையில் பாடுவாராம். கொலையைக் காசு கொடுத்து வாங்குவார்களா? (மீன் வியாபாரம் செய்யும் பெண்மணி, பனித்திட்டு)

முண்டியடித்து வாங்கினார்கள், அம்மா. நடந்த கொலையைப் பாட்டாக்கி, காலணா, அரையணாவுக்கு மட்டமான தாளில் சில பக்கங்கள். விற்கிறவரே பாட்டுக்காரர். சந்தையிலோ ரயிலடியிலோ நின்று உரக்கப் பாடுவார். கூட்டம் சேர்ந்து, கத்தி ஓங்கிய இடம் வந்ததும் பாட்டை நிறுத்திப் புத்தகத்தை நீட்டுவார். மிச்சக் கதை தெரியவேண்டுமானால் காசு. சென்னையில் குஜிலிக் கடைப் பக்கம் அச்சாகி, மூட்டையாக ரயிலேறி ஊர் ஊராய்ப் போன சரக்கு இது. கொலை மட்டுமில்லை, ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து, வெள்ளம் வந்தால் ஒரு சிந்து, 1914இல் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டதற்கும் பாட்டு. செய்தித்தாள் எட்டிப் பார்க்காத வீட்டுக்கு உலகச் செய்தி இப்படித்தான் போனது. பண்டிதர்கள் இதை இலக்கியமென்று ஏற்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதி 'முச்சந்தி இலக்கியம்' என்று ஒரு புத்தகமே எழுதி அதற்குரிய இடத்தைக் கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் இருந்தால் போதும், தெரு முழுக்கக் கேட்கும். உங்கள் தாத்தா அந்தத் தெருவின் செய்தி ஆசிரியர்.

கேள்வி: தமிழ்நாட்டில் அதிகம் பாடப்பட்ட கொலை எது? (மளிகைக் கடைக்காரர், கிருமாம்பாக்கம்)

எண்ணிப் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் வயதானவர்களைக் கேட்டால் முதலில் வருவது ஆளவந்தார் பேர்தான். 1952 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கொலை. அவர் தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தலையில்லாத உடல் போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள், மானாமதுரையில் வெளிப்பட்டது. இப்படி ஒரு வழக்கைப் பாட்டுக்காரர்கள் விட்டுவைப்பார்களா? அதற்கு எட்டு வருஷம் முன்னால் லட்சுமிகாந்தன் கொலை. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனதால் சினிமா பார்க்காதவர்களுக்கும் அந்த வழக்கு மனப்பாடம்.

இந்தப் பாட்டுகளில் எனக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. செத்தவரைப் பற்றி நாலு வரி. வெட்டிய விதத்துக்கு நாற்பது வரி. அதிலும் செத்தது ஒரு பெண்ணாக இருந்துவிட்டால், கடைசியில் வரும் புத்திமதி அத்தனையும் அவள் தலையில்தான் விழும். இந்தச் சிந்துகளைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று உரக்கச் சொல்கிறவன் நான். அதே குரலில் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: வெள்ளைக்காரன் ஊரிலும் இப்படிப் பாடி விற்றார்களா? (கல்லூரி மாணவர், வில்லியனூர்)

நம்மைவிட முந்நூறு வருஷம் முன்னாலேயே, தம்பி. ஒரே ஒரு தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, மேலே ஒரு மரக்கட்டைப் படம், கீழே பாட்டு. லண்டனில் செவன் டயல்ஸ் என்ற ஏழைப் பேட்டையில் ஜேம்ஸ் கேட்னக் என்ற அச்சுக்காரர் இதில் ராஜா. 1828இல் வில்லியம் கார்டர் என்பவன் தன் காதலி மரியா மார்ட்டனைக் கொன்றதற்காகத் தூக்கில் தொங்கினான். அவனுடைய 'கடைசி வாக்குமூலம்' பதினொரு லட்சம் பிரதிக்கு மேல் விற்றதாகக் கணக்குச் சொல்கிறார்கள்.

இந்தக் கடைசி வாக்குமூலங்கள் கைதி வாய் திறக்கும் முன்பே அச்சாகிவிடும். தூக்குமேடையைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்குச் சுடச்சுட விற்கவேண்டுமே! படமும் புதிதில்லை, அதே தூக்குமரக் கட்டை, நேற்று வேறொருவனுக்கு, இன்றைக்கு இவனுக்கு. மெட்டும் இரவல்தான். 'ஃபார்ச்சூன் மை ஃபோ' என்ற பழைய காதல் மெட்டு, தூக்குப் பாட்டுகளுக்கே பயன்பட்டுப் பயன்பட்டு, 'தூக்கு மெட்டு' என்றே பேர் வாங்கிவிட்டது. நம் பாட்டுக்காரர்கள் சினிமா மெட்டில் கொலையைப் பாடியதற்கு இங்கே ஓர் அண்ணன் இருக்கிறான். 1868இல் தூக்குத் தண்டனையைச் சிறைச் சுவருக்குள் கொண்டுபோனார்கள். கூட்டம் போனது, வியாபாரமும் படுத்தது.

கேள்வி: வெள்ளைக்காரர்கள் படத்தில் மரணம் எலும்புக்கூடாக வருகிறது. நமக்கு ஏன் எருமை மேல் எமன்? (அரசுப் பள்ளி ஆசிரியை, பாகூர்)

இந்த வாரத்துக் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இது.

ஐரோப்பாவில் கொள்ளைநோய் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன காலத்தில் பிறந்தது அந்த எலும்புக்கூடு. ராஜா, பாதிரியார், உழவன், குழந்தை என எல்லார் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஆடும். ஹோல்பைன் வரைந்த அந்த வரிசை 1538இல் புத்தகமாக வந்தது. 1814 முதல் ரோலண்ட்சன் அதையே கேலிச் சித்திரமாக்கினார்: குடித்துக்கொண்டும் வேட்டையாடிக்கொண்டும் இருக்கிற கனவான்களின் பின்னால் வந்து நிற்கும் எலும்புக்கூடு. அதனிடம் ஒருவரும் பேச முடியாது. காது இல்லை.

நம் எமன் அதிகாரி. பக்கத்தில் கணக்குப்பிள்ளை சித்திரகுப்தன், கையில் பாசக்கயிறு, ஏறி வர வாகனம். அதிகாரி என்று ஒருவர் இருந்தால் அவரிடம் மனுப் போடலாம், கெஞ்சலாம், கணக்கில் தப்பு என்று சண்டையும் போடலாம். சாவித்திரி வாதாடிப் புருஷனை மீட்டாள். மார்க்கண்டேயன் மேலிடத்தைப் பிடித்துக்கொண்டான். திருக்கடையூரில் எமனுக்கே உதை விழுந்தது. நம் ஊர் ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேளுங்கள். "ஏண்டா எமா, உனக்குக் கண்ணில்லையா" என்று நடுவீட்டில் உட்கார்ந்து அவனைத் திட்டுகிற பெண்ணுக்கு, அவன் காதில் விழும் என்ற நம்பிக்கை இருக்கிறது.

எலும்புக்கூடு நமக்கு இல்லாமலில்லை. நம் காரைக்காலம்மையார் யார்? சதை வற்றி, நரம்பு தெரிய, தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பேயுரு. சோழர் காலத்துச் சிற்பிகள் அந்த எலும்பை வெண்கலத்தில் வார்த்தார்கள். ஆனால் அவர் யாரையும் இழுத்துப் போக வரவில்லை. சுடுகாட்டில் சிவன் ஆடுவதைப் பாட வந்தவர். கலிங்கத்துப் பரணியிலோ பேய்கள் போர்க்களத்தில் பிணத்தை வைத்துக் கூழ் காய்ச்சி, பந்தி போட்டுப் பரிமாறுகின்றன. அதைப் பாடிய ஜெயங்கொண்டார் பக்கத்தில் ரோலண்ட்சன் சின்னப் பையன்.

கேள்வி: எமனுக்கு எருமை எதற்கு, குதிரை கிடைக்கவில்லையா? (ஏழாம் வகுப்பு மாணவி, ஏம்பலம்)

அவருக்கு அவசரமில்லை, பாப்பா. அவசரப்படுகிறவர்கள் நாம். அதனால்தான் போலீஸ்காரர்கள் சாலை முனையில் ஒருவருக்கு எமன் வேஷம் கட்டி ஹெல்மெட் போடச் சொல்கிறார்கள். அப்பாவிடம் சொல்.

கேள்வி: செஞ்சி நமக்குப் பக்கம்தானே. தேசிங்குராஜன் கதையில் சாவு எப்படி வருகிறது? (ஓய்வுபெற்ற நூலகர், வில்லியனூர்)

சாமி முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வருகிறது, ஐயா. தேசிங்கு செத்தது 1714இல், ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி. போருக்குப் புறப்படும் முன் சிங்கவரத்து அரங்கநாதரிடம் உத்தரவு கேட்கப் போனான். பெருமாள் போகாதே என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சயனத்தில் இருக்கும் அந்த முகம் திரும்பியிருப்பதற்கு இன்றைக்கும் ஊரார் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். எமனும் இல்லை, எலும்பும் இல்லை. கடவுள் பார்க்க மறுக்கிறார், அவ்வளவே. கல்யாண மணையிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்கு வந்து உயிரை விட்ட மோவுத்துக்காரனை அதே பாட்டு தேசிங்குக்குச் சமமாக நிறுத்துகிறது. ஒரு முஸ்லிம் வீரனுக்காக இந்துக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாக அழுத பாட்டு இது.

கேள்வி: நல்லதங்காள் கதையைக் கேட்டாலே அம்மா அழுவார். அந்தக் கிணற்றுப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அது கொலைச்சிந்து வகைதானா? (தையல்கடை வைத்திருப்பவர், பாகூர்)

சாவு எண்ணிக்கையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஏழு பிள்ளைகள், ஒவ்வொன்றாகக் கிணற்றில். ஆனால் 'பெரிய எழுத்து' நல்லதங்காள் கதை குற்றவாளியைத் தேடுகிற இடம் வேறு. பஞ்சம் துரத்துகிறது, அண்ணி கதவைச் சாத்துகிறாள். பிள்ளைகளைத் தள்ளிய தாயை இந்தக் கதை சபிக்கவில்லை. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது.

1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்துக்கும் கும்மிகள் உண்டு. கூடிக் களித்து ஆடுகிற கும்மியில் பசியைப் பாடியிருக்கிறார்கள் என்பதை முதலில் அறிந்தபோது மனம் கனத்துப்போனது. சிவகங்கைப் புலவர் வில்லியப்பப் பிள்ளை இன்னும் ஒரு படி மேலே போனார். மதுரைச் சொக்கநாதரே, பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களைப் பார்த்துக்கொள்ளும்படி சிவகங்கை ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம்தான் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்'. பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு, அடியில் பட்டினி.

கேள்வி: பாரதியார் புதுச்சேரியில் கேலிப் படம் போட்டாராமே? (ஆட்டோ ஓட்டுநர், அரியாங்குப்பம்)

போட்டார். தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கருத்துப்படத்தை நிலைநிறுத்தியதே அவருடைய 'இந்தியா' வார இதழ். 1906இல் சென்னையில் தொடங்கியது. 1908இல் பதிப்பாசிரியராகப் பேர் போட்டிருந்த சீனிவாசன் கைதானதும் அச்சு புதுச்சேரிக்கு வந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்துகொண்டு பிரிட்டிஷ் ராஜ்ஜியத்தைப் படத்தால் அடித்தார். 1910 மார்ச் வரை ஓடியது. படம் போட்டால் போதாது என்று அதற்கு விளக்கமும் எழுதினார். படிக்கிற ஜனங்களுக்குக் கருத்துப்படம் பழக்கமில்லாத காலம். அந்தப் படங்களைத் திரட்டித் தந்தவரும் வேங்கடாசலபதிதான்.

அதற்கும் முந்திய லண்டன் சாவுப் படம் இரண்டைச் சொல்லட்டுமா? 1858இல் தேம்ஸ் ஆறு நாறியபோது 'பஞ்ச்' பத்திரிகை ஒரு படம் போட்டது: எலும்புக்கூடு ஆற்றில் படகு வலிக்கிறது. 1866இல் காலராவின் போது ஜார்ஜ் பின்வெல் வரைந்தது இன்னும் கொடியது: தெருக் குழாயை எலும்புக்கூடு அடித்துக் கொடுக்க, ஏழைக் குழந்தைகள் தண்ணீர் பிடித்துக் குடிக்கிறார்கள். பார்த்ததும் புரிந்துவிடும், குழந்தையைக் கொன்றது விதியில்லை, குழாய்த் தண்ணீர். சாவுப் படத்துக்கு இதைவிடப் பெரிய வேலை கிடையாது என்பது என் கட்சி. விதி என்று முடித்துவிடாமல், யாரால், எதனால் என்று கேட்கவேண்டும். பஞ்சத்தைப் பாடிய நம் புலவரும் இந்தக் கட்சிதான்.

கேள்வி: கருமாதிக்கு ஏன் கர்ண மோட்சம் கூத்து வைக்கிறார்கள்? (விவசாயி, சேலியமேடு)

அழுது தீராத வீட்டுக்குக் குந்தி வந்து அழுது கொடுக்கிறாள். உயிரோடு இருந்தவரை ஊரறிய மகனென்று சொல்லாதவள், செத்தபின் மடியில் போட்டுக்கொண்டு கதறுகிறாள். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். புகழேந்திப் புலவர் பேரில் வழங்கும் இந்தக் கூத்தை ஹான்னே டி ப்ரைன் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1998இல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டது.

கேள்வி: கண்ணீர் அஞ்சலி பேனர்களைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. உங்களுக்கு? (பொறியாளர், திருபுவனை)

எனக்கு வருவதில்லை. இன்றைய தெருவின் சாவுத்தாள் அதுதான். தீபத்தைக் காக்கும் இரு கைகள், ஒரு சொட்டுக் கண்ணீர், வாடிய ரோஜா, பறக்கும் புறா: ஃப்ளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும் இந்தப் படங்கள்தான் கேட்னக்கின் மரக்கட்டைகள். முகத்தை மட்டும் மாற்றினால் போதும். பத்திரிகையில் இரங்கல் செய்தி வராத கொத்தனாரும் வலை பின்னுகிறவரும் அதில் இரண்டு நாள் ஊர் பார்க்க நிற்கிறார்கள். ஒரே வருத்தம், செத்தவர் என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்காது. அஞ்சலி செலுத்துகிறவர்கள் பட்டியல் மட்டும் முழங்கால் வரை நீளும். அந்த ஒரு வரிக்கு இடம் விடச் சொல்லுங்கள். விபத்து நடக்கும் திருப்பத்தில் பார்வையை மறைக்காமல் கட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: 2004 சுனாமியில் எங்கள் ஊரும் அழுதது. அதற்கு யாரும் சிந்து போடவில்லையே? (படகு வைத்திருக்கும் இளைஞர், பனித்திட்டு)

டிசம்பர் 26 வந்தபோது சந்தையில் பாடி விற்கிறவர்கள் ஏறக்குறைய இல்லாமல் போயிருந்தார்கள், தம்பி. டிவியில் அலையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அலைக்குப் பேர் கிடைத்தது, போனவர்களுக்கு எண்ணிக்கை கிடைத்தது. 2011 தானே புயலும் அப்படியே. ஆனால் பாட்டு இல்லையென்று சொல்லாதீர்கள். கரையோரத்துப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். சோறு போட்ட கடலம்மாவையே கூண்டில் ஏற்றிக் கேட்ட கேள்விகள் அதில் இருக்கும். பாடியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. உங்கள் கையில் செல்போன் இருக்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, சம்மதம் கேட்டு, பதிவு செய்யுங்கள். அவர்கள் மறுத்தால் வற்புறுத்தவேண்டாம். சொல்ல விருப்பமிருந்தால் அழுகையை நடுவே நிறுத்தாதீர்கள். யார் பாடியது, யாருக்காக, எந்தத் தெரு என்று எழுதி வையுங்கள்.

கேள்வி: பரணில் தாத்தாவின் பாட்டுப் புத்தகங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. தொட்டால் உதிர்கிறது. எடைக்குப் போட்டுவிடலாமா? (இல்லத்தரசி, மதகடிப்பட்டு)

போடவே கூடாது, அம்மா! இங்கிலாந்தில் சாமுவேல் பீப்ஸ் என்று ஓர் அரசு அதிகாரி, பதினேழாம் நூற்றாண்டில் தெருப் பாட்டுத் தாள்களைப் பொறுக்கிச் சேர்த்தார். ஆயிரத்து எண்ணூறுக்கு மேல் இன்றும் கேம்பிரிட்ஜில் பத்திரமாக இருக்கின்றன. நமக்கும் ஒரு பீப்ஸ் இருந்தார்: கோட்டையூர் ரோஜா முத்தையா. அவர் சேர்த்ததுதான் இன்று சென்னைத் தரமணியில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அங்கே எழுதிக் கேளுங்கள்.

அதுவரைக்கும் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். மடிப்பைப் பலவந்தமாகப் பிரிக்காமல், நல்ல வெள்ளைத்தாளை இடையிடையே வைத்து, ஈரம் ஏறாத அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். அட்டையில் அச்சுக்கூடத்தின் பேர், விலை, மெட்டு, பாடியவர் பேர் இருக்கும். அதைத் தனியாகக் குறித்து எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். தபால் செலவு என்னுடையது.