ஜுல்பிகார் கானும் நானும்

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க அவுரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கானுக்கு ஏறக்குறைய எட்டு வருஷம் பிடித்தது. 1690இல் முற்றுகை போட்டவர் 1698இல்தான் உள்ளே போனார். எங்கள் திட்டப்படி அதே கோட்டையைக் காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே பிடித்துவிட வேண்டும். அதுவும் கத்திரி வெயிலில்.

திட்டம் உருவான இடம் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழு. குழுவுக்கு ‘கல்லூரிக் காளைகள்’ என்று பெயர். காளைகளில் ஒன்றுக்குச் சர்க்கரை, ஒன்றுக்கு ரத்த அழுத்தம், எனக்கு வலது முழங்கால். வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற காளை ஒரு நாள் இரவு எழுதியது: “2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது. 11 மகாராஷ்டிரத்தில். மிச்சம் ஒன்று நம்ம செஞ்சி. பாரிஸ்காரனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரிய வேண்டாமா?” உடனே ஆளாளுக்குக் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். நானும் உயர்த்தினேன். என் உடம்பில் அந்த நேரத்தில் எந்த வலியும் இல்லாமல் உயர்த்த முடிந்த ஒரே பாகம் அதுதான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன்.

“பரண்ல இருக்கற அண்டாவை எடுத்துக் குடுங்கன்னு பொங்கல்லேர்ந்து கேக்கறேன். ஸ்டூல்ல ஏறினா முட்டி வலிக்கும்னு சொன்னீங்க. அந்த மலை எத்தனை ஸ்டூல் உசரம்?”

ராஜகிரி 800 அடி. அதைச் சொல்லவில்லை. “படியெல்லாம் நன்னாக் கட்டியிருக்கான்” என்று மட்டும் சொன்னேன். பெரியதாக ஒரு புளியோதரைப் பொட்டலம், தயிர்சாதம், மாவடு, ஒரு கூஜா மோர் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, “போட்டோ எடுக்கறேன்னு பின்னாடியே நகர்ந்து போகாதீங்க” என்று வழியனுப்பி வைத்தாள். போருக்குப் போகிறவனுக்கு வெற்றித் திலகம் இடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்தது முழங்காலுக்குத் தடவும் தைலம்.

திண்டிவனத்தில் பொங்கல் வடை. நெய் சொட்டுகிற பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறுவது புத்திசாலித்தனமா என்று கேட்டவர் ஒருவருமில்லை. இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டவர்கள் உண்டு. செஞ்சி போய்ச் சேர்ந்தபோது வெயில் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தது.

செஞ்சிக் கோட்டை என்பது ஒரு மலை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள், மூன்றையும் வளைத்துக்கொண்டு சுமார் 13 கிலோமீட்டர் மதில். மலைகளில் மரம் செடி என்று பெயருக்கு இருக்கிறது. மற்றபடி பாறை மேல் பாறை. காலையில் வாங்குகிற வெயிலை அந்தப் பாறைகள் வீணாக்குவதில்லை. வருகிறவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன.

அடிவாரத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. அங்கேயே நின்றிருந்தால் மானம் தப்பியிருக்கும். கூம்புக் கூரையோடு அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கிற கல்யாண மகால். அதன் மேல்மாடிகளுக்கும் அந்தக் காலத்திலேயே மண்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியதாம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாதபோது அந்தக் கொத்தனாரை நினைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் பிரம்மாண்டமான நெற்களஞ்சியம். அதற்கு அருகிலேயே உடற்பயிற்சிக் கூடம். ராஜாக்கள் இரண்டையும் பராமரித்திருக்கிறார்கள். நான் முதலாவதை மட்டுமே பராமரித்து வந்திருக்கிறேன் என்பது ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

வங்கிக் காளை சரித்திரம் சொல்லிக்கொண்டே ஏறியது. எனக்கு அது பெரிய உதவி. “அப்படியா? கொஞ்சம் நின்னு விவரமா சொல்லேன்” என்று கேட்டால் போதும், மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். சிவாஜி 1677 கோடையில் இந்தக் கோட்டைக்கு வந்தார் என்றது. எனக்கு ரோஷம் வந்தது. அவர் கோடையில் பிடித்தபோது நம்மால் முடியாதா? “எப்படிடா பிடிச்சார்?” என்று கேட்டேன். “சண்டை கிண்டை பெரிசா ஒண்ணுமில்லை. உள்ளே இருந்த பீஜப்பூர் தளபதியோட பேசி முடிச்சுட்டார்.” அந்த வெயிலில், அந்தப் படியில் நின்றுகொண்டு, சிவாஜியின் மேதைமையை நான் உணர்ந்த மாதிரி எந்தச் சரித்திரப் பேராசிரியரும் உணர்ந்திருக்க முடியாது.

பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750இல் ஒரே ராத்திரியில் பிடித்தாராம். மாதம்? செப்டம்பர். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துச் சில நூறு குதிரை வீரர்களோடு போய் உயிர்விட்டது 1714இல். மாதம்? அக்டோபர். தெருக்கூத்திலும் கதைப்பாட்டிலும் இன்றைக்கும் வாழ்கிற அந்த இளைஞன்கூடக் கத்திரி கழிந்த பிறகுதான் சண்டைக்குக் கிளம்பியிருக்கிறான். 1761இல் ஆங்கிலேயர் கைக்கு ராஜகிரி வந்தபோதோ, மேலே இருந்த பிரெஞ்சுப் படை தானாகவே சரணடைந்துவிட்டது. நானும் தயாராகத்தான் இருந்தேன். யாரிடம் சரணடைவது என்றுதான் தெரியவில்லை.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிழலில் உட்கார்ந்தேன். தலையில் பூக்கூடையோடு செருப்பில்லாமல் ஓர் அம்மாள் என்னைக் கடந்து போனார். அறுபத்தைந்து வயதிருக்கும். “இன்னா சார், இங்கியே குந்திட்டீங்க? கமலக்கண்ணியம்மன் கோயிலே இன்னும் வரலியே!” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோயில் மலைவழியில் இருக்கிறது. உச்சி அதற்கும் மேலே இருக்கிறது. இரண்டு தகவல்களையும் அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் நான் அப்படியே இறங்கியிருப்பேன்.

அம்மன் சந்நிதியில் கும்பிட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம். மராட்டியர்கள் பிற ராஜ்ஜியங்களிடம் ‘சௌத்’ என்று ஒரு வரி வசூலித்தார்கள். வருமானத்தில் நாலில் ஒரு பங்கு. செஞ்சிக் குரங்குகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. நாலு பங்கையும் எடுத்துக்கொண்டன. புளியோதரை பாறை உச்சிக்குப் போயிற்று. மாவடுவைக் கடித்துப் பார்த்த குட்டிக் குரங்கு மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை என் மீதே எறிந்தது. சர்க்கரைக் காளை பசியில் தள்ளாடியதால், அவசரத்துக்கு வைத்திருந்த கடலை மிட்டாயைக் கொடுத்து கல்யாண மகாலின் நிழலுக்குத் திருப்பி அனுப்பினோம். ரத்த அழுத்தக் காளை, “அவனைத் தனியா விடக் கூடாது” என்று நட்பின் சிகரத்தைத் தொட்டுவிட்டுக் கூடவே இறங்கியது. இப்படித்தான் படைகள் கரைகின்றன.

உச்சிக்குச் சற்று முன்னால் ராஜகிரி தன் கடைசி ஆயுதத்தை எடுத்துக் காட்டுகிறது. வழி திடீரென்று வெட்டுப்பட்டு ஒரு பிளவு. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் ஒரு மரப்பாலம். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிடுவார்களாம்; பிறகு விரல்விட்டு எண்ணும் ஆட்களை வைத்துக்கொண்டே ஒரு படையைத் தடுக்கலாம். அன்றைக்குப் பாலம் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் கால் வைக்க யோசித்த நேரத்தில் இரண்டு கல்லூரி மாணவர்கள் அங்கே மூன்று செல்ஃபி எடுத்து முடித்தார்கள். “அங்கிள், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று அவர்கள் கேட்டபோது, தள்ளி நிற்க ஒரே திசைதான் இருந்தது. அப்படித்தான் நான் பாலத்தைக் கடந்தேன்.

உச்சியில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருந்த கோயில், மணிக்கூண்டு, கிழட்டுப் பீரங்கி. கீழே வயல்களுக்கு நடுவே மதில் ஓடுகிறது, எதிரே கிருஷ்ணகிரி. எட்டு வருஷம் ஒருவர் ஏன் இதற்காகக் காத்துக் கிடந்தார் என்பது அங்கே நின்றால் புரிகிறது. நல்ல காற்றும் வருகிறது. போட்டோ எடுக்கும்போது பின்னாடி நகரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இறங்குவது சுலபம் என்பவர்களுக்கு முழங்கால் கிடையாது. அடிவாரத்துக்கு வந்ததும், “வெங்கட்ரமணர் கோயிலையும் பார்த்துடலாமா?” என்றது வங்கிக் காளை. அந்தக் கோயிலின் வேலைப்பாடு மிகுந்த தூண்கள் சிலவற்றை பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி இன்றும் நிற்கின்றன. செஞ்சித் தூண்களே கடற்காற்று வாங்கப் போய்விட்ட பிறகு நாம் மட்டும் இங்கே ஏன் வேக வேண்டும் என்று கேட்டேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, சாலையோர நுங்குக் கடையில் சபை கூடியது.

அவசியம் செஞ்சிக்குப் போங்கள். தமிழ்நாட்டில் பிறந்துவிட்டு அந்தக் கோட்டையைப் பார்க்காமல் இருப்பது தப்பு. ஆனால் மார்கழி, தையில் போங்கள். கதவு திறந்ததும் ஏறத் தொடங்குங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். வயிற்றில் இட்லிக்கு மேல் எதுவும் வேண்டாம். சாப்பாட்டு மூட்டை காரிலேயே இருக்கட்டும். கத்திரியில்தான் போக வேண்டும் என்று நண்பர்கள் ஒற்றைக் காலில் நின்றால் சிவாஜியைப் பின்பற்றுங்கள்: மலை ஏறுவதற்கு முன்னாலேயே பேசி முடித்துவிடுங்கள்.